எட்வின் ட்றூட் வழக்கு

நூல் வாசித்தல் பெரும்பாலும் தனிமையில் நிகழும் செயல். கவிதையை ஒருவன் தன் உள்ளத்துக்குள்ளேயே அசைபோட்டு மகிழலாம். தத்துவ நூலைத் தனியே இருந்து சிந்திக்கலாம். ஆனால், கொலையையும் துப்பறிதலையும் பொருளாகக் கொண்ட நாவல் வாசகனைத் தனியே இருக்க விடுவதில்லை. பாதி படித்தவுடனேயே, அதனைப் படித்த இன்னொருவரைத் தேடி அவன் மனம் ஓடுகின்றது. குற்றவாளி யாராக இருக்கலாம், உமது எண்ணம் என்ன என்று கேட்டு விவாதிக்கத் தோன்றுகின்றது.

இத்தகைய நாவல்களை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் உளர். மாணவர் கையிற் கண்டால் பறித்து வைக்கும் பெரியோரும் உளர். எனினும், பலர் கூடியிருந்து ஒரு குற்றக் கதையை ஆராயும்போது, சான்று எது, ஊகம் எது, வதந்தி எது எனப் பிரித்தறியும் பயிற்சி ஒன்று அவர்களை அறியாமலே நடைபெறுகின்றது. நீதியோடு வாழ விரும்பும் ஒரு சமுதாயத்துக்கு இப்பயிற்சி மிகவும் வேண்டப்படுவது. இதனை விளக்க வரலாற்றிலே சுவையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதனோடு நம் இலங்கைத் தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1914ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7ஆந் திகதி இலண்டன் மாநகரிலே, கொவென்ற் கார்டின் பகுதியிலுள்ள கிங்ஸ் மண்டபத்தில் ஒரு கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தவர் ஜீ. கே. செஸ்ரர்ரன். பிறவுண் பாதிரியார் என்னும் துப்பறியும் குருவைப் படைத்துப் புகழ் பெற்ற எழுத்தாளர் அவர். ஜூரிமாரின் தலைவராக விளங்கியவர் நாடகாசிரியர் பேர்ணாட் ஷோ. ஏனைய ஜூரிமாரிலும் பலர் பெயர் பெற்ற எழுத்தாளர். எதிரிக் கூண்டில் நின்றவன் ஜோன் ஜாஸ்பர். அவன் மீது சுமத்தப்பட்ட குற்றம், தன் மருமகனாகிய எட்வின் ட்றூட் என்பவனைக் கொலை செய்தான் என்பது.

ஜோன் ஜாஸ்பர் என்றொரு மனிதன் உலகில் வாழ்ந்ததில்லை. எட்வின் ட்றூட்டும் வாழ்ந்ததில்லை. இருவரும் சாள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய இறுதி நாவலின் பாத்திரங்கள். அந்நாவலோ முற்றுப் பெறாதது. கதையை முடிப்பதற்கு முன்னரே ஆசிரியர் காலமாகிவிட்டார். கொலை நடந்ததா இல்லையா, நடந்ததாயின் செய்தவன் யார் என்பதை அவர் எழுதி வைக்கவில்லை. ஆகவே, ஏறத்தாழ 44 ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடைய வாசகர் ஒன்றுகூடி, நீதிமன்ற முறைப்படியே அதனை ஆராய முற்பட்டனர்.

இவ்வழக்கின் தன்மையை உணர்வதற்கு முதலில் நாவலின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

டிக்கன்ஸ் 1812ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் காலத்தில் நாவல்கள் பெரும்பாலும் மாதப் பகுதிகளாகவோ வாரப் பகுதிகளாகவோ வெளிவந்தன. "எட்வின் ட்றூட்டின் மர்மம்" என்னும் கதையைப் 12 மாதப் பகுதிகளாக வெளியிட அவர் திட்டமிட்டார். முதல் 25,000 பிரதிகளுக்கு 7,500 பவுண் தருவதாகப் பதிப்பாளர் உடன்பட்டனர். அவ்வொப்பந்தத்திலே, நூல் முற்றுப்பெறுமுன் ஆசிரியர் இறந்தால் என்ன செய்வது என்பது பற்றிய வாசகம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. முதற் பகுதி 1870ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் வெளிவந்தது. விற்பனை 50,000 பிரதிகளை எட்டியது. முந்திய நாவல்கள் எவையும் பெறாத வரவேற்பு இதற்குக் கிடைத்தது என்று ஆசிரியர் மகிழ்ந்தார்.

யூன் மாதம் 8ஆந் திகதி பகல் முழுவதும், தமது இல்லத் தோட்டத்திலிருந்த சிறு மர மாளிகையில் அமர்ந்து ஆறாம் பகுதிக்குரிய அத்தியாயத்தை அவர் எழுதினார். அன்று மாலை உணவுவேளையில் மயங்கி வீழ்ந்தார். மறுநாள் 9ஆந் திகதி அவர் உயிர் பிரிந்தது. எழுதி முடித்திருந்தவை ஆறு பகுதிகள் மாத்திரமே. கதையின் சரிபாதி அவரோடு மறைந்தது.

கதை நிகழும் ஊருக்கு டிக்கன்ஸ் இட்ட பெயர் குளோயிஸ்ரர்ஹாம். அது பழைய பேராலயம் ஒன்றைக் கொண்ட சிறு பட்டினம். டிக்கன்ஸ் இளமையில் நன்கறிந்த றொச்செஸ்ரர் என்னும் ஊரே அதற்கு மாதிரி. அப்பேராலயத்தின் பாடகர் குழுத் தலைவன் ஜாஸ்பர். ஊரார் கண்ணுக்கு அவன் ஒழுக்கமும் திறமையும் உள்ள இசை ஆசிரியன். மறைவில் அவன் அபினுக்கு அடிமை. இலண்டன் நகரின் இழிந்த சந்து ஒன்றிலுள்ள அபின் குடிலுக்குச் சென்று மயங்கிக் கிடப்பவன். அவனுடைய மருமகன் எட்வின், பெற்றோரை இழந்த இளைஞன். றோசா என்னும் பெண்ணுக்கும் எட்வினுக்கும் அவர்களுடைய தந்தையர் இளமையிலேயே மணம் பேசி வைத்திருந்தனர். அந்த றோசாவின் மேல் ஜாஸ்பரும் இரகசியமாகக் காதல் கொண்டிருந்தான். அவள் அதனை உணர்ந்து அஞ்சினாள்.

இந்நிலையில் இரட்டையர் இருவர் அவ்வூருக்கு வருகின்றனர். நெவில் லாண்ட்லெஸ் என்பது தமையன் பெயர். தங்கையின் பெயர் ஹெலீனா. இவர்கள் வந்த இடம் இலங்கை. தாய் அங்கேயே இறந்துவிட, கொடியவனும் கருமியுமான மாற்றுத் தந்தையிடம் அடியும் பட்டினியும் பட்டு வளர்ந்தவர்கள். ஆறு ஆண்டுகளில் நான்கு முறை வீட்டை விட்டு ஓடிச் சென்றவர்கள். ஒவ்வொரு முறையும் ஹெலீனா ஆண்பிள்ளை வேடம் பூண்டே ஓடினாள் என்று நெவில் தன் ஆசிரியரான கிறிஸ்பார்க்கிள் குருவிடம் கூறுகின்றான். இச்சிறு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. பின்னர் நடந்த விவாதங்களில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

இரட்டையர் இருவரும் கருநிறத் தோற்றம் உடையவர்கள். அவர்களுடைய பெற்றோர் எவ்வினத்தவர் என்பதை டிக்கன்ஸ் தெளிவாகக் கூறவில்லை. ஆனால், அந்நிறமும் அவர்கள் வந்த திசையும் கதையின் போக்கைப் பெரிதும் நிருணயிக்கின்றன. நெவிலும் எட்வினும் சந்தித்த அன்றிரவே ஜாஸ்பரின் அறையில் இருவருக்கும் வாய்த்தர்க்கம் மூள்கின்றது. மதுவை ஊற்றிக் கொடுத்தவன் ஜாஸ்பர். தர்க்கத்தின் உச்சத்தில் எட்வின் நெவிலின் நிறத்தைச் சுட்டி இழித்துரைக்கின்றான். நெவில் கிண்ணத்திலிருந்த மதுவை அவன் மேல் வீசுகின்றான். இச்செய்தி ஊர் முழுதும் பரவுகின்றது.

பின்னர் இருவரையும் இணக்கப்படுத்துவதற்கென நத்தார் தினத்துக்கு முந்திய இரவு ஜாஸ்பர் விருந்து வைக்கின்றான். அன்றிரவு பெரும் புயல் வீசுகின்றது. விடிந்தபோது எட்வினைக் காணவில்லை. அதிகாலையிலேயே கால்நடைப் பயணமாகப் புறப்பட்டிருந்த நெவிலை ஊரார் துரத்திப் பிடிக்கின்றனர். எட்வினின் கடியாரமும் சட்டை ஊசியும் ஆற்றின் அணைக்கட்டில் அகப்படுகின்றன. உடல் அகப்படவில்லை. எட்வின் இறந்ததற்கே சான்று கிடையாது. எனினும் ஊர் தீர்ப்பு வழங்கிவிடுகின்றது.

இவ்விடத்தில் டிக்கன்ஸின் எழுதுகோல் கூர்மையாகின்றது. நகரபிதாவாகிய சாப்சி என்னும் அறிவிலி, நெவிலின் முகத்தை உற்றுப் பார்த்தபடியே, இவ்வழக்கு ஆங்கில நிறம் அற்றதாய்க் காணப்படுகின்றது என்று கூறுகின்றார். இங்கிலாந்துக்கு வருமுன் நெவில் பல சுதேசிகளைச் சவுக்கால் அடித்துக் கொன்றான் என்று ஊரில் வதந்தி பரவுகின்றது. அச்சுதேசிகள் ஆசியாவில் இருப்பவரா, ஆபிரிக்காவில் இருப்பவரா, வடதுருவத்தில் இருப்பவரா என்பது கதை கட்டியவருக்கே தெரியாது. வதந்தியின் இயல்பை இதனினும் நன்றாக எள்ளி நகையாட இயலாது. சான்று இன்மையால் நெவில் விடுவிக்கப்படுகின்றான். ஆயினும் அவனால் அவ்வூரில் வாழ முடியவில்லை. இலண்டனில் ஒரு மாடி அறையில், பகலில் வெளியே தலைகாட்ட நாணி, சட்டநூல்களைப் படித்துக் காலங் கழிக்கின்றான்.

ஆறு மாதங்களின் பின் டாச்சரி என்னும் புதியவர் ஒருவர் அவ்வூருக்கு வருகின்றார். தலை நிறைய நரைமயிர், புருவமோ கருமை. ஆகவே மாறுவேடம் பூண்டவர் என்பது வெளிப்படை. அவர் ஜாஸ்பரின் நடமாட்டத்தை உளவு பார்க்கின்றார். அவர் அறியும் ஒவ்வொரு செய்திக்கும் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியாற் கோடு இடுகின்றார். ஒரு நாட் காலை நீளமான தடித்த கோடு ஒன்றை இட்டுவிட்டு, நல்ல பசியோடு காலை உணவை உண்ணத் தொடங்குகின்றார். அங்கே கதை நின்றுவிட்டது.

வாசகரின் முன் மூன்று வினாக்கள் எஞ்சின. எட்வின் இறந்தானா, உயிரோடு இருக்கின்றானா? இறந்தானாயின் கொன்றவன் ஜாஸ்பர்தானா? டாச்சரி என்பவர் யார்?

டிக்கன்ஸின் நெருங்கிய நண்பரும் அவர் வரலாற்றை எழுதியவருமான ஜோன் போஸ்ரர், கதையின் முடிவை ஆசிரியரே தமக்குச் சொன்னதாக 1874ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பாகத்தில் எழுதினார். மருமகனை மாமனே கொல்வதாகவும், நீறாத சுண்ணாம்பு உடலை அழித்துவிட, அதனால் அழியாத பொன் மோதிரம் ஒன்றே கொலையைக் காட்டிக் கொடுப்பதாகவும் கதை முடிய இருந்ததாம். நூலுக்குச் சித்திரம் வரைந்த லூக் பில்ட்ஸ் என்பவர், ஜாஸ்பர் கழுத்தில் இரட்டைச் சுற்றுக் கழுத்துப்பட்டி இருப்பதாக வரையும்படி டிக்கன்ஸ் வேண்டினார் என்றும், எட்வினின் கழுத்தை நெரிப்பதற்கு அதுவே கருவி என்று கூறினார் என்றும் 1905ஆம் ஆண்டு வெளியிட்டார். மறு ஆண்டு டிக்கன்ஸின் மகள் கேற் பெறுஜீனியும் போஸ்ரரின் கூற்றை ஆதரித்தார்.

இத்தனை பேர் கூறியும் வாசகர் அமைதியடையவில்லை. நண்பரிடம் சொன்னதை ஆசிரியர் பின்னர் மாற்றியிருக்கலாகாதா என்று அவர்கள் வாதிட்டனர். கதையை முடித்து வைக்கப் பலர் முன்வந்தனர். அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்திலிருந்து ஜேம்ஸ் என்னும் அச்சுத் தொழிலாளி, டிக்கன்ஸின் ஆவியே தன் கையைப் பற்றி எழுதுவித்தது என்று கூறி, 1873ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டார். றிச்சேட் புறொக்ரர் என்னும் வானியல் அறிஞர் 1887ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். எட்வின் தப்பிவிட்டான்; அவனே டாச்சரியாக வந்து தன்னைக் கொல்ல முயன்றவனைக் கண்காணிக்கின்றான் என்பது அவர் துணிபு. 1905ஆம் ஆண்டு கியூமிங் வோல்ரர்ஸ் என்பவர் முற்றிலும் புதிய முடிவொன்றைக் கூறினார். டாச்சரி ஆணே அல்லர். இலங்கையிலிருந்து வந்த ஹெலீனாவே அவர் என்றார். தமையன் மேல் விழுந்த பழியைத் துடைப்பதற்காக அவள் வேடம் பூண்டாள். இலங்கையில் சிறு பராயத்தில் ஆணுடை தரித்து ஓடிய செய்தியை ஆசிரியர் வீணாகவா எழுதினார் என்பது அவர் வினா.

இவ்வாறு தனித்தனியே நூல்களாகவும் கடிதங்களாகவும் நடைபெற்ற விவாதம் ஒரே மண்டபத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் டிக்கன்ஸ் அன்பர் கழகமாகும். இக்கழகம் 1902ஆம் ஆண்டு இலண்டனில் ஆரம்பிக்கப்பட்டது. டிக்கன்ஸின் நூல்களில் ஈடுபாடுடையோரை ஒன்று சேர்ப்பதும், ஏழைகள்பால் அவர் காட்டிய இரக்கத்தைச் செயலிற் பேணுவதும் அதன் நோக்கங்கள். பல ஊர்களிலும் கிளைகள் தோன்றின. 1905ஆம் ஆண்டு முதல் அது தனக்கென ஒரு சஞ்சிகையை நடத்தி வருகின்றது. இலண்டனில் டிக்கன்ஸ் வாழ்ந்த டௌற்றி வீதி வீட்டை வாங்கி, 1925ஆம் ஆண்டு நூதனசாலையாகத் திறந்து வைத்ததும் இக்கழகமே.

அக்கழகத்தார் ஏற்பாடு செய்த விசாரணையில் வழக்குத் தொடுநர் தரப்பின் தலைமை நியாயவாதியாக வந்தவர், ஹெலீனாவே டாச்சரி என்று எழுதிய வோல்ரர்ஸ். எதிரிக்காகத் தோன்றியவர் நீதிபதியின் தம்பியாகிய சிசில் செஸ்ரர்ரன். இவர் குற்றவாளிக் கூண்டின் தன்மையைத் தம் அனுபவத்தாலேயே அறிந்தவர். மார்க்கோனிக் கம்பனியின் பங்குகள் தொடர்பாகத் தாம் நடத்திய பத்திரிகையில் எழுதியவற்றுக்காக, 1913ஆம் ஆண்டு அவதூறுக் குற்றவாளியாகக் காணப்பட்டு 100 பவுண் தண்டம் விதிக்கப்பட்டவர். உண்மை வழக்கில் எதிரியாய் நின்றவர், ஓராண்டு செல்லுமுன் கற்பனை வழக்கில் எதிரிக்காக வாதாடினார்.

நாவலின் பாத்திரங்களே சாட்சிகளாக வந்தனர். கல்லறைகள் கட்டும் கொத்தனான டேர்டில்ஸ், கிறிஸ்பார்க்கிள் குரு, ஹெலீனா, அபின் விற்கும் கிழவி ஆகியோராக வேடம் பூண்டவர் சாட்சிக் கூண்டில் ஏறினர். மனப்பாடம் செய்த வசனங்களை ஒப்புவிக்கும் நாடகமாக அது அமையவில்லை. வினாவுக்கு விடையும், விடைக்குக் குறுக்கு வினாவும் அவ்விடத்திலேயே பிறந்தன. நாவலில் உள்ள செய்திகளை ஆதாரமாகக் கொண்டே இரு தரப்பாரும் பேச வேண்டியிருந்தது. ஜாஸ்பர் கழுத்தை நெரித்துக் கொன்று சுண்ணாம்பில் உடலை மறைத்தான் என்று ஒரு தரப்பு வாதாடியது. உடல் எங்கே, எட்வின் உயிரோடு இருக்கலாகாதா என்று மறு தரப்பு வினவியது. நடவடிக்கைகள் யாவும் சுருக்கெழுத்திற் பதிவு செய்யப்பட்டு அவ்வாண்டிலேயே நூலாக வெளிவந்தன.

ஷோவின் குறும்பு தொடக்கம் முதலே வெளிப்பட்டது. சாட்சியங்களை எடுத்துக்காட்டி ஜூரிமாரின் மனத்தை மாற்றலாமென வழக்குத் தொடுநர் எண்ணுவாராயின், தம் கடமை என்னவென்று அவருக்குத் தெரியாது என்று அவர் கூறினார். தீர்ப்புக் கேட்கப்பட்டபோது எழுந்து நின்று, பிரித்தானிய ஜூரிமாரின் மரபைப் பின்பற்றித் தாம் மதிய போசன இடைவேளையிலேயே தீர்ப்பை முடிவு செய்துவிட்டதாக அறிவித்தார். ஜாஸ்பரைக் கொலைகாரன் என்று தீர்ப்பதற்குப் போதிய சான்று இல்லை. ஆனால் அவனை வெளியே விட்டால் தாங்கள் படுக்கையிலேயே கொல்லப்படலாம் என்ற அச்சம் உண்டு. ஆகவே இரண்டுக்கும் நடுவாக, கைமோசக் கொலைக்குக் குற்றவாளி எனத் தீர்ப்பதாக அவர் கூறினார். இரு தரப்பு நியாயவாதிகளும் ஆட்சேபித்தனர். ஜூரிமாரைக் கலைத்துவிடும்படி வேண்டினர். கலைத்தால் மிக்க மகிழ்ச்சி என்றார் ஷோ. முடிவில் நீதிபதி செஸ்ரர்ரன், எட்வின் ட்றூட்டின் மர்மம் தீர்க்க இயலாதது எனக் கூறி, நீதிமன்றத்தை அவமதித்தமைக்காகத் தம்மைத் தவிர அங்கிருந்த அனைவருக்கும் தண்டனை விதித்தார்.

கூட்டத்தார் சிரித்துக்கொண்டே கலைந்திருப்பர். பல நாட்கள் உழைத்துச் சான்றுகளைத் திரட்டிய வோல்ரர்ஸ் போன்றோருக்கு இது ஏமாற்றமாகவும் இருந்திருக்கலாம். ஆனால், ஷோவின் நகைச்சுவையைச் சற்று நின்று நோக்குதல் தகும். சான்று இல்லை, ஆயினும் அச்சம் உண்டு, ஆகவே தண்டிப்போம் என்னும் அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது? நாவலிலே குளோயிஸ்ரர்ஹாம் ஊரார் இலங்கையிலிருந்து வந்த இளைஞனுக்கு வழங்கிய தீர்ப்பும் அதுவேயன்றோ? விசாரணைக்கு முன்னரே முடிவு. முடிவுக்குக் காரணம் அச்சம். அச்சத்துக்குக் காரணம் அவன் நிறமும் அவன் வந்த தேசமும். ஊரார் முகத்தை இறுக்கிக்கொண்டு செய்ததையே ஷோ நகைத்துக்கொண்டு செய்து காட்டினார். நகைப்பாகக் கேட்கும்போதுதான் அதன் அபத்தம் நமக்குப் புலனாகின்றது.

இங்கே டிக்கன்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாது விடலாகாது. நெவிலை வெறுத்த ஊராரின் அறியாமையை அவர் எள்ளி நகையாடினார் என்பது உண்மை. ஆனால், நெவில் வளர்ந்த தேசத்து மக்களை அவர் எவ்வாறு காட்டினார்? தான் இழிந்த இனத்தவரான அடிமை வேலைக்காரர் நடுவே வளர்ந்தவன் என்றும், அவர்களுடைய மூர்க்கம் தன் இரத்தத்திலும் கலந்திருக்கலாம் என்றும் நெவிலே தன்னைப் பற்றிக் கூறுகின்றான். அவ்வேலைக்காரர் இந்தத் தீவின் மக்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, கதையில் ஒரு சொல்லேனும் பேச உரிமை இல்லை. 1857ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சியின் போது டிக்கன்ஸ் எழுதிய தனிக் கடிதம் ஒன்றிலே, அந்த இனத்தையே அழித்துவிட விரும்பும் கொடுஞ் சினம் காணப்படுகின்றது. ஏழைச் சிறுவர்க்காகக் கண்ணீர் விட்ட பேருள்ளம் அக்கண்ணீரைக் கடலுக்கு அப்பால் கொண்டு செல்லவில்லை. அண்மைக் காலத்து ஆய்வாளர் பலர் இதனை எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரு நூலை விரும்பிக் கற்பதும் அதன் குறையை அறிந்து கற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பிற ஊரிலிருந்து வந்தவன் மேல் விசாரணையின்றிப் பழி சுமத்தும் கதை தமிழ் மக்களுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரக் கோவலன் மதுரைக்குப் புதியவன். சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். அத்திருடனே, புதியவனைக் கள்வன் எனச் சுட்டிக்காட்டித் தன்னைக் காத்துக்கொள்கின்றான். அரசன் ஆராயாது ஆணையிடுகின்றான். எட்வின் ட்றூட்டின் கதையிலும், நெவில் மேல் ஊராரின் ஐயத்தைத் திருப்பிவிடுபவன், ஐயத்துக்குரியவனாகிய ஜாஸ்பரே. இரு கதைகளுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தூரம் உண்டு. குற்றம் செய்தவனுக்கு அயலூரான் எப்பொழுதும் வாய்ப்பான கேடயம் என்பதை இரு புலவரும் உணர்ந்திருந்தனர்.

ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. கோவலன் கதையில் கண்ணகி வந்து மற்றைச் சிலம்பை உடைத்து உண்மையை நிலைநாட்டுகின்றாள். நெவிலின் கதையிலோ அவனுக்காக உண்மையை நிலைநாட்ட எவரும் எஞ்சவில்லை. தங்கை ஹெலீனா அதனைச் செய்ய இருந்தாள் என்று வோல்ரர்ஸ் நம்பினார். ஆனால், அதை எழுத வேண்டிய கை ஓய்ந்துவிட்டது. ஆதலால் நெவிலின் குற்றமின்மை நூலுக்குள்ளே என்றும் நிரூபிக்கப்படாமலே நிற்கும். அவனைக் காப்பதற்கு எஞ்சியிருப்போர் வாசகர் மாத்திரமே.

காலம் மாறியபோது இவ்வழக்கும் புதிய உருவம் பெற்றது. 1985ஆம் ஆண்டு நியூ யோர்க் நகரில் றூப்பேட் ஹோம்ஸ் என்பவர் இக்கதையை இசை நாடகமாக ஆக்கினார். கதை நின்ற இடத்தில் நடிகர் நாடகத்தை நிறுத்துவர். சபையோர் வாக்களிப்பர். எவருக்கு அதிக வாக்குக் கிடைக்கின்றதோ அவரே அன்றைய கொலையாளி. மறுநாள் வேறொருவர் கொலையாளியாகலாம். 1986ஆம் ஆண்டு சிறந்த இசை நாடகத்துக்கான ரோனி விருதை அது பெற்றது. மேடையில் இது மிக இனிய விளையாட்டு. மேடைக்கு வெளியே, உயிருள்ள மனிதன் மேல் பழியைச் சுமத்துவதற்குக் கூட்டத்தின் வாக்கைக் கேட்கும் வழக்கம் எக்காலத்திலும் எத்தேசத்திலும் தலைகாட்டக் கூடியது. யார் குற்றவாளி என்பதைப் பெரும்பான்மை தீர்மானிக்க முடியாது. சான்றே தீர்மானிக்க வேண்டும். சான்று போதாதபோது, தெரியவில்லை என்று கூறும் மனத்திண்மை வேண்டும்.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முதியோர் கூறுவர். சொல்வது எளிது, பழக்கமாக்குவது அரிது. அப்பழக்கத்தை ஊட்டுவதற்கு நாட்டிலுள்ள வாசிகசாலைகளும் வாசகர் வட்டங்களும் ஏற்ற களங்கள். குற்றக் கதை ஒன்றைப் பலரும் வாசிக்கின்றனராயின், இறுதி அத்தியாயத்தைத் திறக்குமுன் ஒரு மாலை ஒன்று கூடலாம். தாம் யாரை ஐயுறுகின்றனர் என்பதையும், அதற்கு நூலின் எந்தப் பக்கத்தில் ஆதாரம் உண்டு என்பதையும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதலாம். ஐயுற்ற பெயரை எல்லோரும் விரைவாக எழுதிவிடுவர். ஆதாரத்தை எழுதும் இடத்தில்தான் எழுதுகோல் தயங்கும். அவனுடைய தோற்றம் பிடிக்கவில்லை, அவன் பேச்சு நமது பேச்சுப் போன்றதன்று, அவன் எங்கிருந்தோ வந்தவன் என்பவற்றுக்கு மேலாக ஒன்றும் எழுத இயலாத நிலை பலருக்கு ஏற்படும். அத்தயக்கமே வாசிப்பின் பயன்.

1914ஆம் ஆண்டு கிங்ஸ் மண்டபத்தில் கூடியோர் எட்வின் ட்றூட்டின் மர்மத்தைத் தீர்க்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்தோரும் தீர்க்கவில்லை. ஆயினும், இல்லாத ஒரு மனிதனைத் தண்டிப்பதற்கே சான்றையும் எதிர்வாதத்தையும் அவர்கள் கேட்டார்கள். இலங்கையிலிருந்து சென்ற நெவிலுக்குக் குளோயிஸ்ரர்ஹாம் நகரம் அந்த அளவு நியாயத்தைக்கூட வழங்கவில்லை.